நிலவறைக்கு ஒரு காரணம்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நண்டு எழுதுகிறேன். இங்கே நலம். நீ, மாமா, வாலு மூவரும் நலமா? மாமாவின் முழங்கால் வலி குறைந்ததா? வாலுக்கு முன்பல் முளைத்துவிட்டதா, இன்னும் பொக்கை வாய்தானா?

போன் இருக்கும்போது இவனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். நான் இருக்கும் இடத்தில் சிக்னல் கிடையாது. வேலை கொடுத்தவரின் வீடு மூன்று மாடிப் பழைய கல்வீடு. எனக்குக் கொடுத்த அறை அதற்கும் கீழே, பூமிக்குள். அறுபது படி இறங்க வேண்டும். கட்டில், வரைபலகை, விளக்கு எல்லாம் வசதிதான். காற்றுதான் கொஞ்சம் புழுக்கம்.

என் தொழில் என்ன என்று நீ ஊராரிடம் சொல்லத் தெரியாமல் விழிப்பாயே, அதனால் இன்னொரு முறை விளக்குகிறேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன் என்று வேடம் வைத்துக்கொள்கிறார்கள். பகடை உருட்டி, ஒரு நிலவறைக்குள் அறை அறையாகப் போகிறார்கள். வழியில் கண்ணிகள், பூதங்கள். கடைசி அறையில் புதையல். அந்த நிலவறையை வரைந்து, எந்த அறையில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பவன் நான். “பொழப்பத்த வேலை” என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. கோபமும் இல்லை.

போன புத்தகத்துக்கு ஒருவர் எழுதிய விமர்சனம்தான் என் மானத்தை வாங்கிவிட்டது. “இந்த நிலவறை எதற்காக இருக்கிறது? யார் தோண்டினார்கள்? பூட்டிய அறைக்குள் முந்நூறு வருடமாக அந்தப் பூதம் எதைத் தின்றது? எழுதியவருக்கே தெரியாது” என்று கிழித்துத் தொங்கவிட்டார். அதைப் படித்துவிட்டுத்தான் இந்த முதலாளி என்னைத் தேடி வந்தார். சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட மனிதர். வெயில் காலத்திலும் அதைக் கழற்றுவதில்லை. “உங்க அறைங்க நல்லா இருக்கு தம்பி. காரணம்தான் இல்ல. காரணம் இல்லாத அறை நிக்காது” என்றார். காரணம் சொல்லத் தெரிந்தவர் யாராவது உண்டா என்றும் கேட்டார். வாய் சும்மா இருக்குமா? “எங்க அக்கா சுரங்கப்பாதை ஆய்வாளர். ஒரு தாள்ல தப்பு இருந்தா அதத் திருத்தாம அவளால சோறு திங்க முடியாது” என்று உளறிவிட்டேன். மனிதர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டு அறைகளின் வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் சிவப்பு மையால் கொஞ்சம் கிறுக்கித் தா. ஆகஸ்ட் விடுமுறைக்குக் கட்டாயம் வருகிறேன்.

உன்,
நண்டு


ஜூன் 11

அன்புத் தம்பி நண்டுக்கு,

உன் கடிதமும் வரைபடமும் கிடைத்தன. மாமாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வாய்தான் வலிக்கவில்லை, நாள் முழுக்கப் புலம்புகிறார். வாலுக்குப் பாதிப் பல் முளைத்திருக்கிறது. “நண்டு மாமா பூதம் வளக்குறாரா?” என்று கேட்கிறாள். ஆமாம், தன்னையே வளர்த்துக்கொள்கிறான் என்றேன்.

“பொழப்பத்த வேலை” என்று நான் சொன்னது தப்புதான். உன்னைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில் சொன்னது. அம்மா போனபோது உனக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து என் இடுப்பை விட்டு நீ இறங்கவே இல்லை என்பது போலத்தான் எனக்கு இன்னும் இருக்கிறது. சரி, அது கிடக்கட்டும்.

உன் வரைபடத்துக்கு வருகிறேன். இதை எங்கள் அலுவலகத்தில் கொடுத்திருந்தால் சிரித்தே சீல் வைத்திருப்பார்கள். பன்னிரண்டு அறை தோண்டியிருக்கிறாய், தோண்டிய மண் எங்கே? காற்று எங்கிருந்து வருகிறது? கசியும் தண்ணீர் எங்கே போகிறது? கழிப்பறையே இல்லை, பூதமானாலும் அவசரம் வராதா? சுவரிலிருந்து அம்பு பாய்கிறதாம். பாய்ந்த அம்பைப் பொறுக்கித் திரும்ப மாட்ட ஒரு ஆள் வேண்டாமா? அந்த ஆளுக்கு வாரத்தில் ஒரு நாளாவது லீவு வேண்டாமா?

காரணம் வேண்டும் என்றால் கீழிருந்து யோசிக்கக் கூடாது, மேலிருந்து யோசிக்க வேண்டும். மேலே கல்வீடு இருக்கிறது என்கிறாய். அந்தக் கல் எங்கிருந்து வந்தது? கீழேயிருந்துதான். வீடு கட்டக் கல் வெட்டிய குழிகள்தான் உன் அறைகள். பிறகு குளிர்ச்சியாக இருக்கிறதே என்று பனிக்கட்டி சேமிக்கும் கிடங்காக ஆக்கினார்கள். பனி உருகுவதால் தரை சாய்வு. சாய்வின் கடைசியில் வடிகால். நீ கண்ணி என்று காட்டிய திறக்கும் தரை, பனிப்பாளங்களை இறக்கும் சறுக்குவழி. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வந்துவிட்டதா?

சிவப்பு மையில் வடிகால் வரைந்திருக்கிறேன். தெருப்பக்கத்து மதிலுக்கு அருகே ஒரு காற்றுக் குழாய், தலை நுழையாத அகலத்தில். அதைச் சுத்தம் செய்ய ஒரு கப்பி, கயிறு, வாளி. இவை இல்லாத கிடங்கை நான் அனுமதிக்கவே மாட்டேன்.

புழுக்கம் என்கிறாயே, கதவைத் திறந்துவைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 20

அன்புள்ள இன்ஸ்பெக்டர் அக்காவுக்கு,

அசத்திவிட்டாய்! தாளைப் பார்த்ததும் முதலாளிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சிவப்புக் கோடுகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். “உங்க அக்கா வேற என்ன சொன்னாங்க?” என்று ஒரே நாளில் நாலு தடவை கேட்டுவிட்டார்.

இன்னொரு வேடிக்கை. நீ வரைந்த காற்றுக் குழாய் இங்கே நிஜமாகவே இருக்கிறது! அலமாரியை நகர்த்தினேன், பின்னால் கம்பிவலை. பிடரியில் ஜிலுஜிலுவென்று காற்று. கப்பி, வாளி எல்லாம் நீ காட்டிய இடத்தில் அப்படியே இருக்கின்றன. தரைக்கடியில் தண்ணீர் ஓடும் சத்தமும் கேட்கிறது. இத்தனை நாள் என் காதில் விழாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். பார்க்காத கட்டடத்தைத் தாளிலேயே கண்டுபிடித்துவிட்டாயே, நீ ஆய்வாளரா, மந்திரவாதியா?

பேச்சுத்துணைக்கும் ஒருவர் இருக்கிறார். படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் காவலர், அறுபது வயதிருக்கும். மூன்று பெண்களைப் பெற்றவர். மூத்த பெண் தன்னைப் போலவே மூக்கு விடைக்கக் கோபப்படுவாள் என்று அவருக்கு ஒரே பெருமை. “தம்பி, இங்க எதைக் காவல் காக்கறேன்னு எனக்கே தெரியாது. நாற்காலி குடுத்தாங்க, உக்காந்தேன்” என்கிறார். தன் சாப்பாட்டில் பாதியை எனக்குத் தருகிறார்.

அவரையும் வரைபடத்தில் சேர்த்துவிட்டேன், ஏழாம் அறை. இப்போது மொத்தம் இருபத்திரண்டு. என் அறைதான் கடைசி, இருபத்திரண்டு. வாலுக்கு இதைக் காட்டு, நண்டு மாமா எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்கட்டும். தாளைத் திருத்தி அனுப்பு.

உன்,
நண்டு


ஜூன் 29

அன்புத் தம்பி,

வாலு உன் அறையை ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். “ஏன் மாமா கடைசில இருக்கார்? முதல்ல இருந்தா சீக்கிரம் வெளிய வரலாமே” என்கிறாள். என் பெண்ணுக்கு இருக்கும் அறிவு என் தம்பிக்கு இல்லை.

காற்றுக் குழாய் விஷயத்தில் மந்திரமும் இல்லை, மண்ணும் இல்லை. பழைய கட்டடம் எல்லாம் ஒரே மாதிரிதான் யோசித்துக் கட்டப்பட்டிருக்கும்.

இந்தத் தாளில் அதிகம் குறையில்லை. ஒன்பதாம் அறையைச் சமையலறையாக மாற்றியிருக்கிறேன். பனிக்கிடங்கில் வேலை செய்தவர்களுக்குச் சூடாக ஏதாவது வேண்டுமே. ஏழாம் அறையைச் சிவப்புக் கோடு போட்டு அடித்துவிட்டேன். காவலர் என்பவர் வாசலில் இருக்க வேண்டியவர். உள்ளே, அதுவும் படிக்குக் கீழே, அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. அவரே தெரியாது என்கிறார், பார். அடித்ததற்காக அந்தப் பெரியவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு. வாரத்துக்கு ஒரு முறையாவது மேலே ஏறி வெயிலில் நில்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

திருத்திய தாள் வந்தது. ஒன்றுதான் விளங்கவில்லை. காவலர் என்று யாரைச் சொல்கிறாய்? இங்கே நானும் முதலாளியும் தவிர வேறு யாருமில்லை, வந்த நாளிலிருந்தே இல்லை. வேறு யாருக்கோ எழுத வேண்டியதை எனக்கு எழுதிவிட்டாயோ? ஆறாம் அறையை அடுத்து எட்டுதான்; நடுவில் வழவழவென்று பூசிய சுவர். எண்ணில் ஏழு எப்படி விட்டுப்போனது என்று எனக்கே தெரியவில்லை. என் கவனக்குறைவாக இருக்கும்.

படிக்குக் கீழே ஒரு சாப்பாட்டு டப்பா கிடக்கிறது. பாதி சாப்பிட்டு மூடி வைத்திருக்கிறது. யாருடையது என்று முதலாளியைக் கேட்டேன், புன்னகை செய்தார்.

ஒன்பதாம் அறையில் அடுப்பு சூடாக இருக்கிறது. மேலே போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. வேலை மும்முரம் ஒரு பக்கம். படிகளும் முன்பைவிட அதிகமாகத் தெரிகின்றன. நேற்று எண்ணினேன், நூற்றுப்பதினான்கு. கடிதத்தை முதலாளியே தபாலில் சேர்த்துவிடுகிறார்.

இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. தாளின் மூலையில் ‘நோக்கம்’ என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார் முதலாளி. கட்டியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது, சரி; ஆனால் ஒருவர் எதற்காக இதற்குள் வர வேண்டும்? புதையல் என்று எழுதப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். “புதையலுக்கு வர்றவன் பயம் வந்தா பாதியில திரும்பிடுவான். திரும்பாம கடைசி அறை வரைக்கும் வர்ற மாதிரி ஒரு காரணம் வேணும். உங்க அக்காவக் கேளுங்க” என்றார். கேட்கிறேன். இதை எழுதிக் கொடுத்துவிட்டால் என் வேலை முடிந்தது, ஆகஸ்டில் உன் வீட்டில் இருப்பேன்.

உன்,
நண்டு


ஜூலை 15

தம்பிக்கு,

யாருக்குக் காது குத்துகிறாய்? மூன்று பெண்களைப் பெற்றவர், பாதிச் சாப்பாட்டை உனக்குத் தருபவர் என்று நீதான் எழுதினாய். கடிதம் என் மேசையில் இருக்கிறது. விளையாட்டு என்றால் சொல்லிவிடு, சிரித்துவிட்டுப் போகிறேன். விளையாட்டு இல்லை என்றால் உனக்கு உடம்பு சரியில்லை. காற்றில்லாத இடத்தில் இருந்தால் மறதி வரும், நானே பார்த்திருக்கிறேன். உடனே மேலே வந்து ஒரு டாக்டரைப் பார்.

தாளை எழுதாமல் திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். ஆனால் இருபது வருட வேலைப் பழக்கம். காலியாக ஒரு கட்டம் கண்ணில் பட்டால் கை சும்மா இருப்பதில்லை. காபி குடித்துக்கொண்டே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடத்துக்கு முன் சரிந்த சுரங்கம் ஞாபகம் வந்தது. உள்ளே ஆறு பேர் மாட்டிக்கொண்டார்கள். கூரை பொலபொலவென்று உதிர்கிறது, யாரும் போகக் கூடாது என்று கத்துகிறேன். பயிற்சி பெற்ற மீட்புக்காரர்கள் இரண்டு முறை பாதியில் திரும்பிவிட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் என்னைத் தள்ளிவிட்டுக் கடைசிவரை போனார். அவர் மகன் உள்ளே இருந்தான்.

அதனால் அந்தக் கட்டத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘தன் ஆள் உள்ளே இருப்பதால் ஒருவர் வருவார்.’ இதைவிட உறுதியான காரணம் எனக்குத் தெரியாது.

இதோடு வேலை முடிந்தது, மூட்டையைக் கட்டு. ஆகஸ்ட்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே கிளம்பு. எனக்கு மனசு சரியில்லை.

அக்கா


ஜூலை 24

அக்கா,

முதலாளி போய்விட்டார். நீ எழுதிய வரியைப் படித்துவிட்டு முதல்முறையாக என் கையைக் குலுக்கினார். கை பனிக்கட்டியாய் இருந்தது. “இப்ப நிக்கும்” என்றார். தாளை மேசையில் வைத்துவிட்டு மேலே போனவர்தான், திரும்பவில்லை.

மூட்டையைக் கட்டிக்கொண்டு நானும் ஏறினேன். எண்ணிக்கொண்டே ஏறினேன், முந்நூறுக்குப் பிறகு விட்டுவிட்டேன். கடைசியில் ஒரு கதவு. திறந்தால் என் கட்டில், என் வரைபலகை, என் விளக்கு. மூன்று முறை ஏறிப் பார்த்தேன். எத்தனை முறை ஏறினாலும் இருபத்திரண்டாம் அறையில்தான் வந்து நிற்கிறேன். படியை விட்டு அறைகள் வழியாக நடந்தால், வாசலில் இருக்கும் முதல் அறைவரை போக முடிகிறது. அதற்கு அப்பால் இருக்கும் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லை.

அந்த முதல் அறையை யாரோ பெருக்கித் துடைத்து விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள். ஆணியில் ஒரு தலைக்கவசம், அதற்குக் கீழே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். எடுத்துப் பார்த்தேன். உன் அளவு அக்கா. இடதுகால் சுண்டுவிரல் இடிக்கிறது என்று நீ ஓரத்தில் கத்தரித்துக்கொள்வாயே, அதே மாதிரி கத்தரித்திருக்கிறது.

ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே சுவருக்குள் இரண்டு பேர் பேசுகிறார்கள். ஒன்று வயதான ஆண் குரல், ஒன்று பெண் குரல். பெண் அழுகிறாள். காதை வைத்தால் நிறுத்திவிடுகிறார்கள்.

நீ வரைந்த காற்றுக் குழாய் வழியாகக் கடிதத்தையும் அந்தத் தாளையும் வாளியில் வைத்து மேலே இழுக்கிறேன். மதிலோரம்தானே திறக்கிறது, யாராவது எடுத்துத் தபாலில் போடுவார்கள் என்று நம்பிக்கை.

நீ வரக்கூடாது. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும், படித்த உடனே செருப்பை மாட்டுவாய். வராதே. தாளில் ஏதாவது செய்ய முடிந்தால் செய்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது அக்கா. வாயேன்.

நண்டு


ஜூலை 31

என் செல்லத் தம்பிக்கு,

நீ இருக்கும் வீட்டுக்கு எதிரே உள்ள தையற்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், அதே வாளியில்தான் உனக்கு இறக்குவேன். உன் கடிதத்தை வாளியிலிருந்து எடுத்துத் தபாலில் போட்டவர் இந்தத் தையற்காரம்மாதான். மாமாவிடம் ஆய்வு வேலை என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். எங்கே என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது இதைப் படித்து முடிக்கும்போது உனக்குத் தெரியும்.

காலையில் அந்த வீட்டுக்குள் போனேன். சாம்பல் ஸ்வெட்டர் போட்டவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். “வாங்கம்மா, உங்களுக்காகத்தான்” என்றார். படிக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. பூட்ஸ் தெரிந்தது. முதல் படியில் காலை வைத்துவிட்டேன், நண்டு. உன் இருமல் சத்தம் கேட்டது. இன்னொரு காலையும் எடுத்தேன். அப்போதுதான், கூரையை எது தாங்குகிறது என்று தெரியாமல் உள்ளே போகாதே என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற என் புத்திக்கு உறைத்தது. இந்தக் கூரையைத் தாங்குவது நான் எழுதிய வரி. நான் உள்ளே வந்தால் எனக்காக மாமா வருவார், அந்த முழங்காலோடு. அவருக்காக வாலு வருவாள். முதல் அறையில் அவள் அளவுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வைப்பார்கள். திரும்பி ஓடிவந்துவிட்டேன். உன்னைக் கீழே விட்டுவிட்டு ஓடிவந்தேன் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

காற்றுக் குழாயில் வாயை வைத்து உன்னைக் கூப்பிட்டேன். என் குரல் கீழே இறங்காமல் வீட்டு வாசலிலிருந்து என்னையே கூப்பிட்டது.

தாளில் என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். தோட்டத்துக்கு வெளிவழி ஒன்று வரைந்தேன். போய்ப் பார்த்தால் நிஜமாகவே கதவு இருக்கிறது. திறந்தால் அதுவும் உள்ளேதான் போகிறது, அங்கேயும் ஒரு ஜோடி பூட்ஸ். நோக்கம் எதுவோ அதற்குத்தான் கதவு. நோக்கத்தையே அடித்தேன். மை காய்வதற்குள் கோடு மறைந்துவிடுகிறது, மூன்று முறையும். அறையை மட்டும்தான் அடிக்க முடிகிறது.

அந்தக் காவலரைப் பற்றித் தையற்காரம்மா சொன்னதைக் கேள். நான் ஏழாம் அறையை அடித்த நாளில், அவர் இந்தக் கடை வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறார். நல்ல ஆரோக்கியம். பெயர், ஊர், பெண்டு பிள்ளை மட்டும் நினைவில்லை. இரண்டு வாரம் சந்தோஷமாக ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டு இருந்தாராம். பிறகு நான் அந்தக் கட்டத்தில் எழுதினேன். அடுத்த வாரமே மூத்த மகள் தேடி வந்துவிட்டாள். “அப்பா, நான்தாம்ப்பா, உங்க பெரியவ” என்று கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த நொடியே எழுந்து, “வேலைக்கு நேரமாச்சும்மா” என்று அந்த வீட்டுக்குள் போனார். மகள் பின்னாலேயே போனாள். சுவருக்குள் நீ கேட்டது அவர்கள்தான். அடித்த அறையை மறுபடி அடிக்க வழியில்லை. என் சிவப்பு மை அந்தப் பெண்ணை உள்ளே வைத்துவிட்டது. அதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும், யாரிடம் என்றுதான் தெரியவில்லை.

ஆக, உன்னையும் ஒரே ஒரு முறைதான் வெளியே கொண்டுவர முடியும். இருபத்திரண்டாம் அறையை அடிக்கப்போகிறேன். நீ வெளியே வருவாய், நன்றாக இருப்பாய். நான் யார் என்பது உனக்குத் தெரியாது. நான் என்றைக்காவது சொன்னால், அல்லது நீயாகத் தெரிந்துகொண்டால், திரும்ப உள்ளே போவாய். நான் உன் பின்னால் வருவேன். வராமல் இருக்கும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை.

அதனால் என் கடிதங்கள் எல்லாவற்றையும், இதையும் சேர்த்து, வாளியில் வைத்து மேலே அனுப்பு. ஒன்றுகூட உன்னிடம் இருக்கக் கூடாது. நான் அவற்றை எரித்த பிறகுதான் கோடு போடுவேன். தையற்காரம்மா உன்னைப் பார்த்துக்கொள்வார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார், சத்தியம் வாங்கியிருக்கிறேன். நீ வெளியே வரும்போது நான் ரயிலில் இருப்பேன். இருந்து பார்த்தால் ஓடிவந்து கட்டிக்கொள்வேன்.

உன்மேல் எனக்கு உயிர், நண்டு. இதுவரை திட்டியதெல்லாம் அதுதான். இதை மனசில் வைத்துக்கொள் என்று சொல்ல முடியாது, ஆனாலும் ஒரு முறை படித்துவிடு.

அக்கா


செப்டம்பர் 18

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். நீங்கள் யார் என்று தெரியாமல் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும்.

ஒரு தையற்கடையின் மாடியில் தங்கி, கடைக்காரம்மாவுக்குத் துணி மாதிரிகள் வரைந்து கொடுக்கிறேன். ஆகஸ்டுக்கு முந்திய எதுவும் என் நினைவில் இல்லை. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார் டாக்டர். கடைக்காரம்மா அன்பானவர், ஆனால் நான் எங்கிருந்து வந்தேன் என்று கேட்டால் மட்டும் இயந்திரத்தை வேகமாக மிதிக்க ஆரம்பித்துவிடுகிறார்.

நேற்று என் பையின் உள்தையல் பிரிந்ததில் ஒரு வெற்று உறை கிடைத்தது. அதன் மேல் உங்கள் முகவரி, என் கையெழுத்தில். அனுப்புவதற்காக முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறேன் போலிருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை.

சாலையைக் கடக்க ஓரத்தில் நிற்கும்போதெல்லாம், என்னை அறியாமல் வலதுகையைப் பக்கவாட்டில் நீட்டிவிடுகிறேன். யாரோ மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள் என்று கை காத்திருக்கிறது. வளர்ந்த ஆண்பிள்ளை நடுத்தெருவில் இப்படி நிற்பதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

எதிர்வீட்டுக்காரர் ஒருவர் தினமும் வாசலில் நின்று என்னைப் பார்த்துப் புன்னகை செய்கிறார். எப்போதும் ஒரே சாம்பல் ஸ்வெட்டர். போன வாரம் சாலையைக் கடந்து வந்து, “தம்பி, உங்களுக்குன்னு யாருமே இல்லியா? ஒரு அக்கா, தங்கச்சி?” என்று மிகுந்த பரிவோடு கேட்டார். தெரியவில்லை என்றேன். “தேடிப் பாருங்க. இருப்பாங்க” என்றார். அன்றிலிருந்து மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

நீங்கள் எனக்கு வேண்டியவரா? எனக்கு அக்கா இருக்கிறாரா? ஆம், இல்லை என்று ஒரு சொல் எழுதினால் போதும். எந்த விதத்திலும் உங்களுக்குத் தொந்தரவாக இருக்கமாட்டேன்.

வணக்கத்துடன்,
தையற்கடை மாடியில் இருப்பவன்


செப்டம்பர் 25

ஐயா,

தங்கள் 18ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது.

நான் சுரங்கப்பாதை ஆய்வாளர். கட்டடங்கள் பற்றி விளக்கம் கேட்டுப் பலர் எனக்கு எழுதுவதுண்டு. தாங்களும் அவ்வாறு எழுத நினைத்து முகவரியைக் குறித்து வைத்திருக்கலாம். அதற்குமேல் தங்களுக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

தாங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: இல்லை. எனக்குத் தம்பி கிடையாது.

தங்கள் எதிரே உள்ள வீட்டின் நிலத்தடிப் பகுதி பாதுகாப்பற்றது என்று அலுவலகப் பதிவில் உள்ளது. அவ்வீட்டுக்காரர் எதைக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டாம். வேறு ஊருக்குக் குடிபெயர்வது நல்லது. வரையத் தெரிந்தவருக்கு எங்கும் வேலை கிடைக்கும். அது மிக நல்ல தொழில். புதிய ஊரில் புதிய மனிதர்களைத் தேடிக்கொள்ளவும். பழையவர்களைத் தேட வேண்டாம்.

சாலையைக் கடக்கும்போது கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். இரண்டு பக்கமும் பார்த்துத் தாங்களாகவே கடக்கவும். வண்டிகள் நிற்கா.

உறையைக் கிழித்துவிடவும். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஆய்வாளர்